ஸ்கேனில் தெரிந்த வெள்ளைப் புள்ளி: கோபியிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கமுங்க. எனக்கு வயது 27. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். முதல் கர்ப்பம், இருபது வாரம் முடிந்துவிட்டது. சொந்தத் தாய்மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில், இடது கீழறையில், ‘எக்கோஜெனிக் ஃபோகஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘ஒண்ணும் இல்லை, ஆனா எதுக்கும் பார்த்துக்கலாம்’ என்றார் ஸ்கேன் பார்த்தவர். அந்த ‘எதுக்கும்’தான் என்னைத் தூங்கவிடவில்லை. கணவர் கோவையில் ஃபவுண்டரி சூப்பர்வைசர். அவர் ஃபோனில் தேடி, டவுன் சிண்ட்ரோம் என்று எதையோ படித்துவிட்டுப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ரத்தம் கொடுக்கச் சொல்கிறார் ஒருவர், வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். அத்தையோ, ‘நாலு தடவை ஸ்கேன் எடுத்தீங்க, அந்தக் கதிர்தான் குழந்தை நெஞ்சுல பட்டிருக்குது’ என்கிறார். ஏழாம் மாதக் கட்டுச்சோற்றுச் சடங்குகூட இது தெளிந்த பிறகுதானாம். என் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டையா? ஸ்கேனால் வந்ததா? இருபது வாரம் தாண்டிவிட்டதால் இனிமேல் எதுவும் பார்க்க முடியாதா? ரிப்போர்ட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். அத்தையின் தங்கை வேறு, ‘இவ்வளவு பாத்தவங்க என்ன கொழந்தைன்னு பாத்திருக்க மாட்டாங்களா?’ என்று கேட்கிறார்.

பதில்:

அம்மணி, சுற்றி வளைக்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டை இல்லை. ஸ்கேனால் வந்ததும் இல்லை. ஊசி இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உங்கள் ஃபைலில் ஒரு தாளைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அது எந்தத் தாள் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தேன். இதயத்தின் நாலு அறைகளும் சரி, இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் கிளம்பும் இடமும் சரி என்று தனித்தனி வரியாக எழுதியிருக்கிறார்கள். மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம், கை கால் எல்லாம் இயல்பு. இதெல்லாம் மேலே இருக்கிறது. ‘எக்கோஜெனிக் ஃபோகஸ்’ என்ற அந்த வெள்ளைப் புள்ளி கடைசி வரியில் இருக்கிறது. நம் கண் எப்போதும் கடைசி வரிக்குத்தான் போகும்.

ஓட்டை என்றால் அறைச் சுவரில் கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும். உங்களுக்குத் தெரிந்தது வெள்ளைப் புள்ளி. இரண்டும் வேறு வேறு. இதயத்தின் கீழறைக்குள் வால்வு மேலே பறந்துவிடாதபடி மெல்லிய நார்க் கயிறுகள் அதை இழுத்துப் பிடித்திருக்கும். அந்தக் கயிறுகளைக் கட்டியிருக்கும் முளைக்குச்சி மாதிரி சின்னச் சின்னத் தசைகள் உண்டு. அந்தத் தசையின் நுனியில் துளி சுண்ணாம்புச் சத்து படிந்தால், ஸ்கேன் திரையில் அது எலும்பு அளவுக்குப் பளிச்சென்று தெரியும். இதயம் துடிக்கத் துடிக்க அதுவும் கூடவே குதிக்கும். மருத்துவப் புத்தகங்களில் இதை ‘கோல்ஃப் பந்து’ என்பார்கள். எங்கள் ஸ்கேன் அறைக்கு வருகிறவர்களில் கோல்ஃப் பந்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் ‘சேலத்து ஜவ்வரிசி ஒண்ணு ஒட்டியிருக்குது’ என்றுதான் சொல்வேன். பெரும்பாலும் முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.

நூறு குழந்தைகளில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தப் புள்ளி இருக்கும். ஆசியப் பெண்களின் குழந்தைகளில் இன்னும் கொஞ்சம் அதிகம். இதனால் இதயம் வேலை செய்வதில் எந்தக் குறையும் வராது. வயதானவர்களுக்கு இதயக் குழாயில் ‘கால்சியம் படிஞ்சிருக்கு’ என்று சொல்கிறார்களே, அதோடு இதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

இங்கே என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஸ்கேன் பார்க்க ஆரம்பித்த முதல் வருடங்களில், வரிசையில் முப்பது பேர் காத்திருந்த ஒரு நாளில், பவானிப் பக்கத்துப் பெண் ஒருவரிடம் ‘இதயத்துல ஒரு புள்ளி இருக்குது, டெலிவரிக்கு அப்புறம் எக்கோ எடுத்துக்குங்க’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். குழந்தை பிறந்து, எக்கோவும் எடுத்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு அவர் திரும்ப வந்தார். சண்டை போடவில்லை. ‘நாலு மாசம் நான் சோறு திங்கலைங்க’ என்று மட்டும் சொன்னார். நான் சொன்ன வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லைதான். ஆனால் பாதி வாக்கியத்தோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். உங்களுக்கு யாரோ சொன்ன ‘எதுக்கும்’ என்ற வார்த்தையைப் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, ஒன்றுமில்லாத புள்ளியை ஏன் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்? உங்கள் கணவர் ஃபோனில் படித்தது முழுப் பொய் இல்லை, பழைய கணக்கு. டவுன் சிண்ட்ரோம் என்பது ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் மூளை வளர்ச்சி பின்தங்கும் பிறவிக் குறைபாடு. அது உள்ள குழந்தைகளிடம் இந்தப் புள்ளி கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது என்று 1990-களில் வந்த ஆய்வுகள் சொல்லின. அதனால் இதை ‘சாஃப்ட் மார்க்கர்’ என்ற பட்டியலில் சேர்த்தார்கள். அதாவது இது நோய் அல்ல, நோய்க்கு வெகு தூரத்து அறிகுறி. ஆனால் அந்த ஆய்வுகளில் பல, வயதாலோ வேறு காரணத்தாலோ ஏற்கெனவே ஆபத்து கூடிய பெண்களிடம் செய்யப்பட்டவை. பிறகு எல்லாப் பெண்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது, வேறு எந்தக் குறையும் இல்லாமல் புள்ளி மட்டும் தனியாக இருந்தால் ஆபத்துக் கணக்கு கிட்டத்தட்ட நகர்வதே இல்லை என்று தெரிந்தது. உங்கள் வயதில் டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் பந்திக்குக் காத்திருந்தால் அதில் ஒருவர். அந்தப் புள்ளியால் அந்த மண்டபம் ஒன்றும் காலியாகிவிடவில்லை.

இப்போது அந்தத் தாள். பதினோராவது வாரத்துக்கும் பதினாலாவது வாரத்துக்கும் நடுவில் உங்களுக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருப்பார்கள். ‘என்டி ஸ்கேன்’ என்று அதில் இருக்கும். நீங்கள் அனுப்பிய படங்களில் அது இல்லை. அதைத் தேடுங்கள், அதோடு சேர்ந்து எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் தேடுங்கள்.

அந்தத் தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். 1866-ல் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தக் குறைபாட்டை விவரித்து எழுதியபோது, இவர்களின் தோல் உடம்பின் அளவுக்கு மீறித் தொளதொளவென்று இருக்கிறது என்று ஒரு வரி எழுதினார். நூற்றிருபத்தாறு வருடம் கழித்து, 1992-ல், லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடஸ் குழுவினர் அதையே மூன்றாம் மாதத்துக் கருவில் காட்டினார்கள். அந்தத் தளர்ந்த தோலுக்கு அடியில், பிடரியில், நீர் கோத்திருக்கும். அதை மில்லிமீட்டரில் அளக்கலாம். அன்றிலிருந்து இந்தத் துறையே மாறிவிட்டது. அளப்பதற்குக் குழந்தை 45 முதல் 84 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் நேராகப் படுத்திருக்க வேண்டும். பிடரி அளவோடு தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களையும் அளந்து, வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நூறு டவுன் சிண்ட்ரோம் கருக்களில் ஏறக்குறைய தொண்ணூறைச் சந்தேகப்பட்டியலில் பிடித்துவிடலாம். அதற்கு விலையாக, நல்ல குழந்தையைச் சுமக்கும் நூறு பேரில் ஐந்து பேரைத் தேவையில்லாமல் பயமுறுத்தவும் செய்வோம். ‘வெளிய போய் ஒரு நடை நடந்துட்டு வாங்க, ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க’ என்று அன்றைக்கு உங்களைத் திரும்பத் திரும்ப அலையவிட்டிருந்தால், அது அந்தக் குட்டி திரும்பிப் படுக்கட்டும் என்றுதான்.

அந்தத் தாளில் ‘ஆபத்து குறைவு’ என்று இருந்தால், உங்கள் புள்ளியின் கதை அங்கேயே முடிகிறது. வேறு பரிசோதனை வேண்டாம். ஊசி வேண்டாம். புள்ளிக்காக என்று குழந்தைக்குத் தனியாக இதய எக்கோவும் வேண்டாம்.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் மட்டும் எடுக்கவில்லை என்றால்? நம் பக்கத்தில் இது சகஜம். அந்த இரண்டாயிரம், மூவாயிரத்தைப் பார்த்துப் பலர் விட்டுவிடுவார்கள், சில இடங்களில் சொல்லவே மாட்டார்கள். அப்படியானால் இப்போதும் செய்யக்கூடியது, தாயின் ரத்தத்தில் மிதக்கும் குழந்தையின் டிஎன்ஏ துணுக்குகளைப் பார்க்கும் பரிசோதனை. என்ஐபிடி என்பார்கள். தாயின் ரத்தத்தில் அப்படித் துணுக்குகள் மிதக்கின்றன என்று டென்னிஸ் லோ என்ற ஆய்வாளர் 1997-ல் காட்டினார். பத்தாவது வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கையில் ரத்தம் எடுப்பதோடு சரி, குழந்தையைத் தொடுவதே இல்லை. டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை நூற்றில் தொண்ணூற்றொன்பதைப் பிடிக்கும். விலைதான் கூடுதல். கட்டாயமா என்றால், உங்கள் வயதுக்கும் உங்கள் ரிப்போர்ட்டுக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் பிரசவம் வரைக்கும் இந்தச் சந்தேகத்தோடு இருக்க முடியாது என்று தோன்றினால் அது வீண்செலவும் இல்லை. முடிவு உங்கள் இருவருடையது. லேப் ஏஜென்டுடையது இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். என்ஐபிடியும் சல்லடைதான், தீர்ப்பு இல்லை. அந்தத் துணுக்குகள் உண்மையில் குழந்தையிடமிருந்து வருவதில்லை, நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன. இரண்டும் எப்போதாவது ஒத்துப்போகாமல் இருக்கும். அதனால் அதில் ‘ஆபத்து அதிகம்’ என்று வந்தால் மட்டும், அப்போது மட்டும்தான், பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் ஆம்னியோசென்டசிஸ் பற்றிப் பேச வேண்டும். பதினைந்து வாரத்துக்குப் பிறகு அதைச் செய்யலாம். தேர்ந்த கைகளில் அதனால் கரு கலைவது இருநூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. குறைவுதான், ஆனால் ஜவ்வரிசிக்காக அந்த விலையைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

இனி அத்தைக்கு. அவரைத் திட்ட வேண்டாம், அவர் பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஒரு காலத்தில் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரேதான் எடுத்தார்கள். இரட்டையா, தலை திரும்பியிருக்கிறதா, இடுப்பெலும்பு இடம் கொடுக்குமா எல்லாம் அதில்தான் பார்த்தார்கள். 1956-ல் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் மருத்துவர், வயிற்றிலிருக்கும்போது எக்ஸ்ரே பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது என்று எழுதினார். பெரிய மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை. வருடக்கணக்கில் போராடித்தான் அவர் அதை ஏற்றுக்கொள்ள வைத்தார். ‘கதிர்’ என்ற பயம் அங்கிருந்து வந்தது. எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை அது நியாயமான பயம்.

ஆனால் ஸ்கேன் கதிர் இல்லை, சத்தம். இதை அத்தைக்கு என்னைவிட உங்கள் கணவர் நன்றாகச் சொல்வார். ஃபவுண்டரியில் ‘யூடி டெஸ்ட்’ பார்த்திருப்பார் இல்லையா? வார்ப்பை உடைக்காமலே உள்ளே விரிசல் இருக்கிறதா, காற்றுக்குழி இருக்கிறதா என்று பார்ப்பது. இரும்பின் மேல் எண்ணெயோ பசையோ தடவி, ஒரு சின்னக் கருவியை வைத்து, காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது எங்கே மோதித் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் வயிற்றில் தடவும் ஜெல்லும் அதே காரணத்துக்குத்தான். நடுவில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாது.

இது வெறும் ஒப்புமை இல்லை. கர்ப்ப ஸ்கேன் பிறந்ததே அப்படித்தான். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் வேலை செய்தவர், ரேடார் பழக்கம் உண்டு. 1955-ல் அறுவை சிகிச்சையில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சூலகக் கட்டிகளையும் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு, ரென்ஃப்ரூ என்ற ஊரில் பாய்லர் செய்யும் ‘பாப்காக் அண்டு வில்காக்ஸ்’ கம்பெனிக்குப் போனார். இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை அந்தக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, சதைக்கட்டி வேறு மாதிரி எதிரொலித்தது. மூன்று வருடம் கழித்து, 1958-ல், ஜான் மக்விக்கார், டாம் பிரவுன் ஆகியோரோடு சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். டாம் பிரவுன் டாக்டர் இல்லை, இளம் எஞ்சினியர். கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் லேத்தோடும் உலையோடும் வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். வயிறு வீங்கி, இனிக் காப்பாற்ற முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு உள்ளே இருப்பது நீர்க்கட்டி என்று இந்தக் கருவி காட்டியது. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்தார்.

சத்தம் என்பதால் ஆபத்தே இருக்க முடியாது என்று நான் சொல்லப்போவதில்லை. வலுவான சத்தம் சதையைச் சூடாக்கும். பிஸியோதெரபியில் மூட்டுவலிக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஆராய்ச்சியாளர்கள் இதை விடாமல் தேடியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஏறக்குறைய 2,800 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்து முறை டாப்ளரோடு (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் முறை) ஸ்கேன், மறு பாதிக்கு ஒரே ஒரு முறை என்று வைத்துப் பார்த்தார்கள். 1993-ல் முடிவு வந்தபோது உலகமே கொஞ்சம் அதிர்ந்தது. அதிக ஸ்கேன் எடுத்தவர்களிடம் எடை குறைந்த குழந்தைகள் சற்று அதிகம். உங்கள் அத்தை சொல்வது போலவே இருக்கிறதா? ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. அந்தக் குழந்தைகளை எட்டு வயது வரை பின்தொடர்ந்தார்கள். 2004-ல் வெளியிட்ட முடிவில் வளர்ச்சி, பேச்சு, நடத்தை எதிலும் வித்தியாசம் இல்லை. நார்வேயில் பள்ளிக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். படிப்பில், பார்வையில், காதில் வித்தியாசம் இல்லை. பையன்களில் இடக்கைப் பழக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அதற்கு ஸ்கேன்தான் காரணமா என்று இன்றுவரை முடிவாகவில்லை. இதயத்தில் புள்ளி வரும் என்று எந்த ஆய்வும் சொன்னதில்லை.

இதில் எனக்குள்ள ஒரு தயக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வுகளில் இருந்த மெஷின்கள் பழையவை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விதியைத் தளர்த்தி, கருவின் மேல் அனுப்பக்கூடிய ஒலியின் அளவை ஏழு மடங்குக்கும் மேல் கூட்டிவிட்டார்கள். பதிலுக்கு, சூடு எவ்வளவு ஏறலாம் என்று காட்டும் ஓர் எண் திரையின் ஓரத்தில் எப்போதும் தெரிய வேண்டும் என்றார்கள். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஸ்கேன் செய்வது எங்கள் கடமை. முதல் மூன்று மாதத்தில் தேவையில்லாமல் டாப்ளர் போடக்கூடாது, எதற்கும் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கருவியை வைத்திருக்கக்கூடாது. ‘பாப்பா மூஞ்சிய இன்னொரு தடவ காட்டுங்க, வீடியோ எடுத்துக்கறோம்’ என்பவர்களிடம் நான் முடியாது என்பதும் இதனால்தான். முகம் பார்க்க ஒன்பது மாதம் பொறுத்தால் போதும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை அத்தை பாதி சரி. அமெரிக்காவில் ஆபத்தில்லாத சுமார் 15,000 கர்ப்பிணிகளிடம் செய்த பெரிய ஆய்வு ஒன்று, அதுவும் 1993-ல் வந்ததுதான், எல்லோருக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுப்பதால் பிறக்கும் குழந்தைகளின் நலம் கூடிவிடவில்லை என்று காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்னதும் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் வேண்டும் என்பதுதான், மாதம் ஒன்று அல்ல. உங்களுக்கு நாலு எடுத்ததில் எனக்கு மூன்றுக்குக் காரணம் புரிகிறது. கரு பிடித்திருக்கிறதா, நாள் சரியா என்று பார்க்க ஒன்று, என்டி ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்று. நடுவில் பதினாறாம் வாரத்தில் எதற்கு என்று தெரியவில்லை. கெடுதல் இல்லை, காசுதான் போச்சு.

நீங்கள் கேட்காத ஒன்றை இப்போது நான் எடுக்கிறேன், ஏனென்றால் என் பார்வையில் உங்கள் கடிதத்தில் அதுதான் பெரிய வரி. தாய்மாமன் மகனைக் கட்டியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஸ்கேன் உருவத்தைப் பார்க்கும். உருவத்தைத் தாண்டி அதனால் போக முடியாது. ஐரோப்பாவின் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஒரு பெரிய ஆய்வில், குறையோடு இருந்த கருக்களில் நூற்றுக்கு 61-ஐத்தான் ஸ்கேன் பிறப்பதற்கு முன் பிடித்தது. மூளை, முதுகெலும்புக் குறைகள் நன்றாகத் தெரியும். இதயக் குறைகள் அவ்வளவு தெரியாது. காது கேளாமை, ஆட்டிசம், ரத்தத்தில் உள்ள குறை, உடம்பு உணவைச் செரித்துப் பயன்படுத்துவதில் உள்ள குறை, இதெல்லாம் எந்த விலை மெஷினிலும் தெரியாது. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு வரக்கூடியவை பெரும்பாலும் இந்த வகைதான். இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்றால், அவர்களிடமிருந்து மறைந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கலாம், குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் அது சேரலாம். நம் ஊரில் கூட்டம், அதாவது குலப்பிரிவு, பார்த்துத்தான் கட்டுகிறார்கள். தாய்மாமன் வேறு கூட்டம், அதனால் முறைதான். ஆனால் ஜீன் கூட்டம் பார்ப்பதில்லை.

இதைப் படித்துப் புதிதாக ஒரு பயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். மாமன், அத்தை பிள்ளைகள் கட்டினால் அது இன்னும் இரண்டு, மூன்று கூடும். அப்படியும் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து பேர் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. வீட்டில் பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். இரண்டு தலைமுறையில் சின்னக் குழந்தையாகவே தவறிப்போனவர்கள் உண்டா, பிறவியிலேயே காது கேளாதவர், நடக்க முடியாதவர், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உண்டா? ‘அது காத்துக் கருப்பு, அதெல்லாம் எதுக்கு இப்ப’ என்று மழுப்புவார்கள். விடாதீர்கள். அப்படி யாராவது இருந்தால் அந்த விவரத்தோடு மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும், கோவையில் பார்க்கலாம். அந்தக் குடும்பக் கதை, இந்த வெள்ளைப் புள்ளியைவிட ஆயிரம் மடங்கு மதிப்புள்ள தகவல். அதேபோல நெருங்கிய சொந்தத்தில் யாருக்காவது பிறவி இதயக் குறை இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முன்பே உங்களுக்குச் சர்க்கரை இருந்தாலோ, குழந்தைக்கு இதய எக்கோ எடுங்கள். அது புள்ளிக்காக அல்ல, அந்தக் காரணத்துக்காக.

இருபது வாரம் தாண்டிவிட்டது என்ற பதற்றத்தில் பலர் இரண்டே நாளில் பெரிய முடிவுகளை எடுக்கிறார்கள். அது, கருக்கலைப்புக்கு இருபது வாரக் கெடு வைத்திருந்த பழைய சட்டத்தின் பயம். 2021-ல் திருத்தம் வந்துவிட்டது. குழந்தைக்கு மிகக் கடுமையான குறை என்று மாநில மருத்துவக் குழு உறுதி செய்தால் அந்த வாரக் கெடு பொருந்தாது. உங்களுக்கு இதற்கெல்லாம் வேலையே இல்லை. இருந்தாலும் இன்னொரு வீட்டில் யாராவது இந்தப் பதிலைப் படிக்கக்கூடும் என்று எழுதுகிறேன்.

கடிதத்தின் கடைசியில் அத்தையின் தங்கை கேட்டதாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: ‘இவ்வளவு பாத்தவங்க என்ன கொழந்தைன்னு பாத்திருக்க மாட்டாங்களா?’ பார்த்தாலும் சொல்லக்கூடாது. 1994-ல் போட்ட சட்டம், 1996 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. சொன்னால் எனக்கு மூன்று வருடம் வரை சிறை, கேட்டு வற்புறுத்தும் குடும்பத்தாருக்கும் அதே. ஸ்கேனுக்கு முன் உங்களிடம் கையெழுத்து வாங்கினார்களே, அது அதற்குத்தான். ‘கொலுசு எடுக்கறதா காப்பு எடுக்கறதான்னு மட்டும் சொல்லுங்க’ என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது நம் சேலத்தில்தான். எதற்காக அங்கே தொட்டில் வைக்க வேண்டி வந்தது என்று அந்தத் தலைமுறைக்காரர்களுக்குத் தெரியும். நான் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன்.

இனி நடக்க வேண்டியது: என்டி ஸ்கேன் தாள், ரத்தப் பரிசோதனைத் தாள், ஐந்தாம் மாத ரிப்போர்ட் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, உங்களுக்குப் பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஸ்கேன் சென்டர் சென்டராக ஏற வேண்டாம். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இந்தப் புள்ளியைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?’ இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள், சர்க்கரைப் பரிசோதனையை 24 வாரத்தில் மறக்காமல் செய்யுங்கள். நம் பக்கத்தில் குழந்தையின் எடையைக் கெடுப்பது பெரும்பாலும் ரத்தச்சோகையும் சர்க்கரையும்தான். எட்டாம் மாதம் வளர்ச்சி பார்க்க ஒரு ஸ்கேன் சொல்வார்கள். அப்போது புள்ளி மங்கியிருக்கலாம், மறைந்திருக்கலாம், அப்படியே இருக்கலாம். எப்படி இருந்தாலும் ஒன்றுதான். நீங்களாக அதைத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

கட்டுச்சோற்றுக்கு ஏழாம் மாதத்திலேயே நாள் குறிக்கச் சொல்லுங்கள். அத்தை தயங்கினால் இந்தப் பதிலை உங்கள் கணவர் அவருக்கு வாசித்துக் காட்டட்டும், ஃபவுண்டரி வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி.